புயலுக்கு மறுநாள், கரண்ட் இல்லாத வீடு: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

எண்ணூரிலிருந்து ஓட்டேரி வரை வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உயிர் சம்பந்தப்பட்டவை முதலில். மீனும் மாவும் பிறகு.

வியாசர்பாடி: அண்ணே, வீட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. மெயினை ஆஃப் பண்ணிட்டோம். இன்வெர்ட்டர்ல ஒரு லைட்டு மட்டும் எரியுது. பரவாயில்லையா?

உடனே அணையுங்கள். மெயினை இறக்கினால் நிற்பது ஈபி கரண்ட் மட்டும்தான். இன்வெர்ட்டர், பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை உண்டாக்கி வீட்டு வயரிங்குக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். தாழ்வாக உள்ள ஒரு பிளக் பாயின்ட் நனைந்தால் போதும், தரையில் நிற்கும் தண்ணீர் முழுக்க ஆபத்து. காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கையால் இன்வெர்ட்டர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்சுக்கோ மெயின் போர்டுக்கோ போக தண்ணீரில்தான் இறங்க வேண்டும் என்றால் போகாதீர்கள். வீட்டை விட்டு மாடிக்கு ஏறுங்கள், ஈபியின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லி தெரு சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு டார்ச் போதும்.

கொருக்குப்பேட்டை: பக்கத்துத் தெருவுல நேத்தே கரண்ட் வந்துடுச்சு. எங்க தெருவுல மட்டும் இல்ல. ஏன் சார் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை இல்லை. நம் பக்கம் பெரும்பாலும் பூமிக்கடியில் கேபிள், தெருமுனையில் வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதாவது பில்லர் பாக்ஸ். பக்கத்துத் தெருவுக்கு வேறு பில்லரிலிருந்தோ வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ சப்ளை வரும். உங்கள் பில்லரின் அடிப்பாகம் தண்ணீரில் இருந்தால் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் வடிந்து, உள்ளே காயவைத்து, மெகர் என்ற கருவியை வைத்து எங்கும் கரண்ட் கசியாதபடி இன்சுலேஷன் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுப்பார்கள். அதுவரை எத்தனை புகார் கொடுத்தாலும் நேரம் குறையாது, குறையவும் கூடாது.

2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது பிரச்சினை காற்று: கம்பமும் மரமும் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பிரச்சினை தண்ணீர். இரண்டுக்கும் வேலை வேறு, ஆகும் நேரமும் வேறு.

தெருவில் தண்ணீரே இல்லை, இருந்தும் கரண்ட் இல்லை என்றால் கேபிள் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எங்கே என்று கண்டுபிடித்து, தோண்டி, புது ஜாயின்ட் போட ஒரு நாள்கூட ஆகும். புகார் கொடுக்கும்போது ஈபி சர்வீஸ் நம்பரைக் கையில் வையுங்கள். சென்னை வடக்கு மண்டலத்துக்கு அது 01-இல் தொடங்கும். "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வீடா, தெருவில் பாதியா, முழுத் தெருவா. பில்லரிலிருந்து சத்தமோ புகையோ வந்ததா என்று சொல்லுங்கள். வருகிற ஆள் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அதே தெரு: ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாமளே பில்லர்ல ஃபியூஸ் போட்டுடலாமா?

கூடாது. ஈபி ஆள் அந்த நேரம் வேறு முனையில் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் நடக்கிறது: தெருவுக்கு வரும் மூன்று பேஸில் (கரண்ட் வரும் ஒயர்) ஒன்று மட்டும் உயிரோடு இருந்தால் தெருவே பேஸ் சேஞ்சரை, அதாவது வேறு பேஸுக்கு மாற்றும் சுவிட்சைத் திருப்பி அந்த ஒன்றில் போய் விழும். பத்து நிமிடத்தில் அந்த ஃபியூஸும் போகும். பேஸ் மாற்றினால் லைட், ஃபேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார், ஏசி வேண்டாம்.

திருவொற்றியூர்: கரண்ட் வந்துச்சு, ஆனா ஒரு ரூம்ல பல்பு கண்ணைக் கூசுது, இன்னொரு ரூம்ல மங்கலா இருக்கு.

மெயினை இப்போதே இறக்குங்கள், படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர், அறுந்தால் இப்படித்தான் ஆகும். லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி 400 பக்கம் போகும், லோடு அதிகமுள்ள பேஸில் விழுந்துவிடும். டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, வைஃபை அடாப்டர் எல்லாம் வரிசையாகப் போகும். ஸ்டெபிலைசர் இதைத் தாங்காது. புகாரில் "நியூட்ரல் ஃபால்ட்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். ஒற்றைப் பேஸ் வீட்டிலும் இது வரும். அப்போது வீடு முழுக்க ஒரே மாதிரி கூசும் அல்லது மங்கும்.

தண்டையார்பேட்டை: 150 ஏஎச் பேட்டரி. ராத்திரி முழுக்க வருமா?

12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது, பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாதது எல்லாம் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1000. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இரண்டு 9 வாட் எல்இடி பல்பு, ஒரு வைஃபை ரவுட்டர் என்றால் மொத்தம் 100 வாட்டுக்குச் சற்று மேல். 9 முதல் 10 மணி நேரம். ஃபேன் கரண்டைக் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகையாக இருந்தால் 30 வாட்தான், நேரம் 16, 17 மணி வரை நீளும். பேட்டரிக்கு நாலு வயது ஆகியிருந்தால் இதில் பாதியை நம்புங்கள்.

கரண்ட் எப்போது வரும் என்று தெரியாதபோது பகலில் இன்வெர்ட்டரை முழுக்க அணைத்து வையுங்கள். சும்மா ஓடினாலும் அது பேட்டரியைக் குடிக்கும். முழுக்கக் காலியான பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விட்டால் பிளேட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். கரண்ட் வந்ததும் 10, 12 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு, டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பாருங்கள். மழைத்தண்ணீர், கேன் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெரம்பூர்: அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுது. அதே இன்வெர்ட்டர் தாங்குமா?

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இந்த மெஷின், 5 லிட்டர் அளவு என்றால், 350 வாட் அளவில் இழுக்கும். மேலே சொன்ன 1000-ஐ வகுத்தால் மூன்று மணி நேரம்கூட இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போடாதீர்கள், கம்ப்ரசர் சூடாகும். சைன் வேவ் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை ரெகுலேட்டரோடு வாடகைக்கு எடுத்து வையுங்கள். அதில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். சிலிண்டர் இருக்கும் அறையில் மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி இரண்டும் கூடாது.

அதே பகுதி: வாடகை ஜெனரேட்டரை பால்கனியில வைக்கலாமா அண்ணே?

வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். மாடிப்படி, கார் நிறுத்தும் இடம், ஷட்டர் பாதி இறக்கிய கடை எல்லாமே இதில் சேர்த்தி. திறந்த வெளியில், ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் கொடுத்தால் அந்தக் கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப் போகும், அது அங்கே இருக்கும் லைன்மேனைக் கொல்லும் வேலை. ஈபி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம்: ஃப்ரீசர்ல வஞ்சிரம், கீழ பால், இட்லி மாவு, அம்மாவோட இன்சுலின். எது தாங்கும்?

கதவைத் திறக்காவிட்டால் கீழ்த்தட்டு 4 மணி நேரம். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. மீனைத் தொட்டுப் பாருங்கள்: நடுவில் இன்னும் ஐஸ் கட்டி இருந்தால் அன்றே குழம்பு வைத்துவிடலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாக இருந்தால் வாசனை நன்றாக இருந்தாலும் கொட்டுங்கள், அதைப் பொரித்தாலும் நஞ்சு போகாது. மாவு புளிக்கும், அவ்வளவுதான், ஊத்தப்பமாக ஊற்றிவிடலாம். பாலை உடனே காய்ச்சிவிடுங்கள்.

இன்சுலினுக்குப் பதற வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். உங்கள் பெட்டியில் உள்ள தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் சின்ன டப்பாவில் வைத்து மூடுங்கள். ஐஸில் நேராகப் புதைக்காதீர்கள்: உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் வேலை செய்யாது.

கொடுங்கையூர்: சம்ப்புல தெருத்தண்ணி இறங்கிடுச்சு. டீசல் பம்பு வச்சு இறைச்சுடலாமா?

தெருவில் தண்ணீர் வடியும் வரை பொறுங்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது சம்ப்பைக் காலி செய்தால் வெளியிலிருக்கும் நீரழுத்தம் செங்கல் சுவரை உள்ளே தள்ளும், அடித்தளம் மேலே எழும்பி விரியும். வடிந்த பிறகு இறைத்து, சகதியை அள்ளி, சுவரை பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள். ஆள் இறங்குவதற்கு முன் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

புதுத் தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர், கலங்கலாக இருந்தால் இரண்டு மடங்கு. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய, கட்டிபிடித்த பவுடரில் குளோரின் போயிருக்கும். குடிக்க அதையும் கொதிக்க வைத்துத்தான். 2023-இல் எண்ணூர்ப் பக்கம் வந்ததுபோல் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் என்றால் கொதிக்கவைப்பதும் குளோரினும் எதையும் தீர்க்காது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான்.

காசிமேடு: கரண்ட் வந்தாச்சு, ஆனா ஆர்சிசிபி தூக்கினவுடனே விழுது. எல்லா எம்சிபியையும் இறக்கினாலும் விழுது!

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச், எம்சிபி என்பது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் லோடு அதிகமானால் விழும் சுவிட்ச். எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நனைந்த பாயின்ட்டில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை எம்சிபி தடுக்காது, ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். எல்லா பிளக்கையும் உருவுங்கள். அப்படியும் விழுந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து, மெயின் இறங்கிய நிலையில், நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். தொல்லை என்று ஆர்சிசிபியை நேராக இணைத்து விடச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆளை மாற்றுங்கள்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: உப்புத்தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கும், அடுத்த ஈரக்காற்றில் மறுபடி கசியும். தண்ணீரில் முழுகிய சுவிட்ச், சாக்கெட், எம்சிபியைக் காயவைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

புளியந்தோப்பு: வாஷிங் மெஷின் பாதி முழுகிடுச்சு. ரெண்டு நாள் வெயில்ல வச்சேன், போடலாமா?

நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், மறுபடி காயவையுங்கள். மோட்டார் வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையில் மெகரில் 1 மெகாஓமுக்குக் குறையாமல் காட்டினால்தான் பிளக். டிசம்பர் வெயிலில் இரண்டு நாள் போதாது. ஃபிரிட்ஜுக்கும் சம்ப் மோட்டாருக்கும் இதே கணக்கு.

எண்ணூர்: போன் சார்ஜ் 20-ல நிக்குது.

டவர் பேட்டரி இறங்கியதும் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும். ஃப்ளைட் மோடில் வைத்து, மணிக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றாலும் உண்மையில் வருவது 6,000-க்குச் சற்று மேல், அதாவது ஒரு போனுக்கு ஒரு முறைதான்.