தஞ்சாவூரில் பெரிய கோயிலைத் தவிர, சிற்பம் பிடித்தவர்கள் எங்கே போகலாம்?

கோயிலைப் பார்த்துவிட்டீர்கள், இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது என்கிறீர்கள். நேராக அரண்மனைக்குப் போய், அங்குள்ள கலைக்கூடத்துக்கே பாதி நாளைக் கொடுங்கள். 1951-இல் தொடங்கப்பட்ட இடம். கற்சிற்பங்களும் நிறைய உண்டு. ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகள்தான் முக்கியம். களைப்படைவதற்கு முன்பே அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கோயிலில் உற்சவரைக் கும்பிடும்போது பட்டும் மாலையும் நகையும் போக முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். தோளையும் இடுப்பையும் சிற்பி எப்படி வடித்திருக்கிறார் என்று முழுதாகப் பார்க்க முடிவது இங்கேதான்.

திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் அவசரமில்லாமல் நில்லுங்கள். முதலாம் ராஜராஜன் காலத்தது, ஆண்டு 1011. சடையையே தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, கால் மாற்றிப் போட்டு, காளை மேல் கையை ஊன்றி நிற்கும் சிவன். காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் கை சாய்ந்திருக்கும் விதத்தை வைத்தே காளையின் உயரத்தை நம்மால் ஊகிக்க முடிகிறது! எனக்குத் தெரிந்து சோழர் செப்புப் படிமங்களில் இதற்கு இணையான நளினம் வேறெதிலும் இல்லை. கூடவே 1012-இல் செய்த உமையும் உண்டு. அப்புறம் அதே ஊரின் கல்யாணசுந்தரர், அதாவது திருமணக் கோலத்துச் சிவன்: சிவன் கையைப் பற்றும்போது உமையின் முகத்தில் தெரியும் நாணத்தைப் பாருங்கள். இவையெல்லாம் மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்து, சென்ற நூற்றாண்டில் வெளியே வந்தவை.

பார்க்கும்போது பீடத்தையும் கவனியுங்கள். வளையமோ துளையோ இருந்தால், வீதியுலாவுக்குத் தண்டு கோத்துக் கட்டுவதற்காக வைத்தது. இந்தத் திருமேனிகளுக்கு முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க முடியும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று அமைவதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இந்த முறையில்தான் செய்கிறார்கள். நேரம் மிஞ்சினால் அங்கேயும் ஒரு எட்டுப் போய்வரலாம்.

அரண்மனை வளாகத்திலேயே சரஸ்வதி மகால் நூலகத்தின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஓலைச்சுவடி, பழைய ஓவியங்கள் பிடித்தால் நுழையுங்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையையும் பார்த்துவிடுங்கள், ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செய்தது.

திருவெண்காட்டு அர்த்தநாரி மட்டும் இங்கே கிடைக்காது. அதைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.