கம்பியை அழிக்காமல் அனுப்புங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். போன மாதம் காலை ஆறரை மணிக்கு, மூடுபனியில், தேயிலைச் சரிவில் ஒற்றைக் காட்டுமாடு நின்றது. பழைய கேமரா கையில் இருந்தது. வேனுக்குள் இருந்தபடியே எடுத்தேன். பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுப் புகை. படம் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் கொம்புக்கு மேலே ஒரு மின்கம்பி குறுக்கே போகிறது. ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், “ரெண்டு நிமிஷத்துல கம்பிய எடுத்துத் தர்றேன், போட்டிக்கு அனுப்பு” என்கிறார். எடுக்கலாமா? எங்கே அனுப்புவது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கல்யாண ஆல்பத்தில் அது அவருக்கு அன்றாட வேலை. காட்டுயிர்ப் போட்டியில் அதே ரெண்டு நிமிஷ வேலை படத்தை வெளியே தள்ளிவிடும். பெயர்பெற்ற போட்டிகளின் விதிகளைப் படித்தால் சாரம் ஒன்றாகவே இருக்கும்: கேமராவுக்கு முன்னால் இருந்ததை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறம் ஆகியவற்றை அளவோடு சரிசெய்யலாம். நாய்ஸை, அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளைக் குறைக்கலாம், ஓரங்களை வெட்டி க்ராப் செய்யலாம். சென்சாரில் ஒட்டிய தூசுப் புள்ளியையும் துடைக்கலாம். அது கேமராவின் அழுக்கு. கம்பி அந்தச் சரிவில் உண்மையாகவே ஓடுகிறது. விரலால் தேய்த்தால் பொருளை மறையவைக்கும் வசதி இப்போது ஃபோனிலேயே வந்துவிட்டது. போட்டிப் படத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

க்ராப் செய்து கம்பியை வெளியே விட முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். கொம்பின் நுனிக்கு மேல் மூச்சுவிட இடம் இல்லாமல் போனால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், கம்பி இருப்பதால்தான் இந்தப் படத்துக்குப் பலம். காட்டுமாட்டின் முகத்தை நெருக்கமாக எடுத்த படங்கள் ஆயிரம் உண்டு. தேயிலை, லயன் வீட்டுப் புகை, மின்கம்பி, நடுவே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும் அந்த உருவம் என்றால், அது இன்றைய நீலகிரி. புல்வெளியும் சோலையும் தோட்டமாக மாறிய மலையில் அந்த மாடு எங்கே வாழ்கிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ‘வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர்’ போட்டியில் ஊருக்குள் வாழும் உயிர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2021இல் அந்தப் போட்டியின் இளையோர் பட்டத்தை வென்றவன் பெங்களூரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன். சுவர் இடுக்கில் கூடாரம்போல வலை பின்னிய சிலந்தி, பின்னணியில் மங்கலாக ஓடும் ஆட்டோவின் நிறம். அவ்வளவுதான் அந்தப் படம். ஆட்டோவை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

அடுத்தது, கம்பியைவிட முக்கியமானது: அசல் ஃபைல். கேமராவில் ரா ஃபைலாக (சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும் ஃபைல்) எடுத்தீர்களா, ஜேபெக் மட்டும்தானா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், இன்று இரவே மெமரி கார்டில் இருப்பதை அப்படியே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு நடுவர்கள் அசலைக் கேட்பார்கள். சில போட்டிகளில் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேட்பதுண்டு. வாட்ஸ்அப்பில் போய்வந்த நகல் எதற்கும் உதவாது. படம் சுருங்கியிருக்கும், எடுத்த நேரமும் லென்ஸ் விவரமும் போயிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன், குன்னூருக்கு அருகே ஒரு சோலையின் ஓரத்தில் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒன்று பாசி படர்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு 8 ஜிபி கார்டு. மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து, பிடித்த பத்துப் படங்களைச் சின்ன ஜேபெக்காக ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு, சாயங்காலத்துக்கு இடம் வேண்டுமே என்று கார்டை ஃபார்மேட் செய்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு போட்டியிலிருந்து மின்னஞ்சல்: ‘உங்கள் படம் இறுதிச் சுற்றில் உள்ளது, ஏழு நாளில் அசல் ஃபைலை அனுப்பவும்.’ அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் குருவியை அத்தனை பக்கத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அசலை ஏன் இப்படிக் குடைகிறார்கள் என்றால், ஏமாந்த அனுபவம் இருக்கிறது. லண்டன் போட்டியில் 2009இன் தலைசிறந்த படம், வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று முடிவாகி, 2010இல் பரிசு பறிக்கப்பட்டது. 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணிப் படத்துக்கும் அதே கதி. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் பார்வையாளர் மையத்தில் வைத்திருந்த பாடம் செய்த எறும்புண்ணியோடு அதன் மயிர்க்கோலம் அச்சாக ஒத்துப்போனது. படமெடுத்தவர் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில்கூட எறும்புண்ணி இல்லை. 2018 ஏப்ரலில் படம் நீக்கப்பட்டது. உங்கள் கார்டில் அந்த மாடு தலையைத் தூக்குவது, திரும்புவது என்று நாலைந்து படம் இருக்கும். மங்கலாக இருந்தாலும் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

திருத்தம் செய்யும்போது ஒரு சின்ன விஷயம். மூடுபனியின் வெண்மையைக் கண்டு கேமரா ஏமாந்து, படத்தை இருட்டாகவே எடுத்துவைக்கும். பனி சாம்பல் நிறமாகத் தெரியும். லைட்ரூம் போன்ற திருத்த மென்பொருளில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் ஏற்றினால் போதும். பனியை விலக்கும் டீஹேஸைத் தொடாதீர்கள். பனி போனால் அந்தக் காலை நேரமும் போய்விடும்.

சட்டம் பற்றி. நீங்கள் நின்றது தோட்டத்துச் சாலை என்பதால் தோட்ட உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது மரியாதை. படம் அச்சில் வரும்போது அது உதவும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. சரணாலயங்களுக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி வனத்துறை அனுமதி வேண்டும். உங்கள் ஊர் லாங்வுட் சோலை 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அங்கேயும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதுமலை வழியாகப் போகும் சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுப்பது குற்றம். நீங்கள் வேனை விட்டு இறங்காதது மிக நல்ல காரியம். வளர்ந்த காளை ஒரு டன் எடைக்குப் பக்கம் வரும். அது பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பைக் காட்டினால் அழகுக்காக நிற்கவில்லை, எச்சரிக்கிறது. இதைவிட நல்ல படம் வேண்டும் என்று யாராவது உங்களை இறங்கி நடக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

எங்கே அனுப்புவது? முதல் முறை என்றால் அருகிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அதையொட்டிப் படப்போட்டிகள் நடப்பதுண்டு. பெங்களூரின் ‘நேச்சர் இன்ஃபோகஸ்’ விருதுகள் காட்சி அழகோடு சூழலையும் பார்ப்பவை. உங்கள் படத்துக்குப் பொருந்தும். லண்டனுக்கும் அனுப்பலாம், அங்கே பதினேழு வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம், உங்களுக்குக் கட்டணம் உண்டா என்று அந்த ஆண்டின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் படங்கள் குவியும் இடம் அது.

கட்டணம் கட்டுமுன் உரிமைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். வென்ற படத்தைப் போட்டிக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்துவோம் என்றால் நியாயம். ‘அனுப்பிய எல்லாப் படங்களையும் எந்த நோக்கத்துக்கும் காலவரம்பின்றிப் பயன்படுத்துவோம்’ என்றால் விலகிவிடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களாக எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை மாற்றித் தர எழுத்து ஒப்பந்தம் வேண்டும். நடுவர் யார் என்று சொல்லாமல், லைக் எண்ணிக்கையால் பரிசு தருகிறோம், எல்லாருக்கும் சான்றிதழ் என்பவர்களுக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

கடைசியாக, படக்குறிப்பு. நேரம், இடம், என்ன நடந்தது என்று நாலு வரி போதும். காட்டுமாட்டுக்குக் கோத்தகிரி என்று எழுதலாம். நாளை நீங்கள் ஒரு கூட்டையோ அரிய ஆர்க்கிடையோ எடுத்தால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஃபைலில் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் வெளியே பகிரும் நகலில் நீக்கிவிடுங்கள். குறிப்பை எழுதுமுன் அந்தச் சரிவில் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள்: இந்த மாடு எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது, தனியாகவே வருகிறதா, எப்போதிலிருந்து வருகிறது. தினமும் அதற்கு வழிவிட்டு வேலை செய்பவர்கள் அவர்கள்தான்.