விண்ட்ஹோக்கிலிருந்து சோசஸ்ஃப்ளே: காரா, டூரா, சிறுவிமானமா?

கேள்வி: ஜூலையில் நமீபியா போகிறோம். நானும் மனைவியும், 65 வயதைத் தாண்டிய என் பெற்றோரும். தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறோம். பஸ் உண்டா? கார் எடுத்தால் ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா? டூர், விமானம் இவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும்?

பதில்: பஸ் கிடையாது. தென்னாப்பிரிக்கா நோக்கிப் போகும் நெடுந்தூரப் பேருந்துகளும் பகிர்வு டாக்சிகளும் பி1 நெடுஞ்சாலையை விட்டு விலகுவதில்லை. மணல்மேடுகளின் வாசலான செஸ்ரீம் அந்தச் சாலையிலிருந்து வெகு தூரம் மேற்கே, பாலைக்குள் இருக்கிறது. வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று பெற்றோரோடு கிளம்பிவிடாதீர்கள். மிச்சம் இருப்பவை நீங்கள் கேட்ட மூன்றும்தான். உங்கள் நால்வருக்கும் மூன்று நாளுக்கும் என் பரிந்துரை, தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள வாடகை வண்டி. ஏன் என்பதைவிட எப்படி என்பதில்தான் விஷயம் அதிகம்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். விண்ட்ஹோக்கிலிருந்து செஸ்ரீம் குறுக்குவழியில் ஏறத்தாழ 320 கி.மீ. ரெஹோபோத் ஊர் வரை முதல் 90 கி.மீ. நல்ல தார்ச்சாலை. அதன்பின் பெரும்பகுதி சரளைச் சாலை. செஸ்ரீமில் உள்ள தேசியப் பூங்கா வாசலுக்குள் நுழைந்ததும் மறுபடி தார்: 60 கி.மீ. உள்ளே போய் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் முடிகிறது. அங்கிருந்து கடைசி 5 கி.மீ. மட்டும் ஆழமான மணல். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. ஆனால் அந்த நிறுத்துமிடத்திலிருந்தே கட்டணம் வாங்கிக்கொண்டு ஷட்டில் ஜீப்புகள் ஓடுகின்றன.

ஆகவே "ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா" என்ற கேள்விக்கு, மணலைக் கணக்கில் வைத்துப் பதில் தேடாதீர்கள். அந்த 5 கி.மீ.யை ஷட்டில் பார்த்துக்கொள்ளும். உங்கள் வண்டியைத் தீர்மானிக்க வேண்டியது போகவரச் சேர்த்து 450 கி.மீ.க்கு மேல் இருக்கும் சரளைதான். சின்ன செடான் காரிலும் பலர் போய்வருகிறார்கள். ஆனால் அடிப்பாகத்தில் கல் இடிக்கும், டயர் மெல்லியது, உதறலில் பின் இருக்கையில் இருப்பவர்களின் முதுகு நோகும். எஸ்.யு.வி. போதும். டயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபுள் கேப் பிக்கப் இன்னும் உறுதி. அதில் ஒரு கூடுதல் நன்மை, தளர்வான சரளையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டினால் பின்பக்கம் வழுக்குவது கணிசமாகக் குறையும். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் 2எச்-க்கு (இரு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கியர் அமைப்பு கெட்டுப்போகும்.

வாடகை வண்டியைக் கையில் எடுக்கும்போது செலவழிக்கும் அரை மணி நேரம் மிக மிக முக்கியம். மாற்று டயர் ஒன்றா இரண்டா என்று பாருங்கள், இரண்டு கேளுங்கள். ஒவ்வொரு டயரையும் சுற்றிலும் தடவிப் பாருங்கள், பக்கச்சுவரில் வெட்டு இருந்தால் அந்த டயர் வேண்டாம். ஜாக், வீல் ஸ்பேனர் இரண்டும் இருக்கின்றனவா, பிக்கப்பாக இருந்தால் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கும் கைப்பிடி சுற்றுகிறதா என்பதை அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். காற்றடிக்கும் சிறிய கம்ப்ரசரும் அழுத்தமானியும் கேட்டு வாங்குங்கள். ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு தட்டைப் பலகை இருப்பது நல்லது, மென்மையான மண்ணில் ஜாக் மட்டும் இறங்குமே தவிர வண்டி ஏறாது.

இன்சூரன்ஸ் தாளில் படிக்க வேண்டிய வரிகள் இரண்டு. டயர், முன்கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை அடிப்படைத் திட்டத்தில் பெரும்பாலும் சேராது. அதைவிடப் பெரியது, வேறு வண்டி எதுவும் மோதாமல் உங்கள் வண்டி தானே கவிழ்ந்தால் காப்பீடு உண்டா என்பது. நமீபியச் சரளையில் வெளிநாட்டவர் சிக்கும் விபத்துகளில் இந்த வகைதான் அதிகம், பல திட்டங்கள் விலக்கி வைப்பதும் இதைத்தான். கூடுதல் பணம் கட்டி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற விதியும் அநேகமாக இருக்கும். முன்பணத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், கவுண்டரில் வாக்குவாதம் மிச்சம். நம் ஊரைப் போல அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். உங்களுக்கு அது பெரிய வசதி.

இனி சரளையில் ஓட்டுவது. சட்டம் அனுமதிக்கும் வேகம் பொதுவாக மணிக்கு 100 கி.மீ. அதை நம்பாதீர்கள். 80-ஐத் தாண்டக் கூடாது, வளைவிலும் மேட்டு உச்சியிலும் 60-க்குக் கீழே. பல வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தமே சரளைக்கு 80 என்றுதான் சொல்கிறது, வண்டியில் வேகத்தைப் பதியும் கருவியும் இருக்கலாம். விபத்து நடக்கும் விதம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: சாலை ஓரத்தில் குவிந்திருக்கும் தளர்ந்த சரளையில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கும். வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பி, பிரேக்கையும் மிதிப்பார். சக்கரம் திடீரென்று பிடிமானம் பெற்று வண்டி குறுக்கே திரும்பி உருளும். செய்ய வேண்டியது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்தபின் மெல்ல நடுவுக்கு வருவது. ஓட்டப்போகும் இருவரும் முதல் சில கிலோமீட்டர்களில், ஆளில்லாத நேரான பகுதியில், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று தெரிந்தால் வேகத்தைப் பற்றி வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்றழுத்தம்: தாரில் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் சரளைக்கு 26 முதல் 28 வரை குறைக்கலாம். வண்டி கொடுப்பவர் தம் டயருக்கு வேறு எண் சொன்னால் அதையே கேளுங்கள். காற்று கொஞ்சம் குறைந்தால் டயர் கல்லின் மேல் வளைந்துகொடுக்கும், கூர்முனை குத்தாது, உதறலும் குறையும். அளவுக்கு மீறிக் குறைத்து வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். எங்காவது சக்கரம் மாற்றினால், 50 கி.மீ. போனபின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், அந்த உதறலில் அவை தளரும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து நன்றாக இடப்பக்கம் ஒதுங்குங்கள், முன்கண்ணாடி விரிசல் பலவும் அந்தக் கணத்தில் தெறிக்கும் கல்லால்தான். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும், புழுதிக்குள் வண்டி தெரியாது. ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விதமாக ஏ.சி. ஃபேனைக் கூட்டி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புழுதி நுழைவது குறையும். பெற்றோரில் யாருக்காவது மூச்சுத் தொல்லை இருந்தால் இது பெரிய உதவி.

எந்த வழி? ரெஹோபோத்தில் சி24-இல் மேற்கே திரும்பி, டி1275 வழியாக ஸ்பிரீட்ஸ்ஹூக்டே கணவாயில் இறங்குவது கண்ணுக்கு விருந்து. பீடபூமி விளிம்பிலிருந்து பாலைச் சமவெளி முழுதும் கீழே விரியும். நாட்டிலேயே மிகச் செங்குத்தான கணவாய்ச் சாலை அது, மிகச் சரிவான பகுதிகளில் பிடிமானத்துக்காகக் கல் பதித்திருக்கிறார்கள், டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முதல் கியரில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இறங்கத் தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை. மலைச்சாலையில் தயங்குபவர் என்றால் டி1261-இல் உள்ள ரெம்ஹூக்டே கணவாய் மென்மையானது. பி1-இலேயே மரியெண்டல் வரை போய், மால்டஹோயே வழியாக வரும் மூன்றாவது பாதை ஒன்று உண்டு. தார் அதிகம், ஆனால் மொத்தம் 500 கி.மீ.யைத் தாண்டிவிடும். மூன்று நாள் பயணத்துக்கு அது வேண்டாம்.

கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் என்பது நேர்மையான கணக்கு. ஜூலையில் அங்கே சூரியன் ஏறக்குறைய ஏழரைக்கு உதித்து, மாலை ஆறேகாலுக்குச் சற்றுப் பின் மறைகிறது. குடூ மான், ஓரிக்ஸ் எல்லாம் அந்தி வேளையில் சாலைக்கு வரும், ஓர் ஆண் குடூ 200 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். ஆகவே காலை எட்டு மணிக்குக் கிளம்புங்கள். தாமதமாகிப் பதினொன்றைத் தாண்டிவிட்டால் அன்று கிளம்பாதீர்கள். விமானத்தில் வந்து இறங்கிய கையோடு இந்தச் சாலையில் ஏறவே கூடாது. விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே 45 கி.மீ. தள்ளி, போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே இருக்கிறது. தூக்கம் கெட்டவர் கையில் சரளைச் சாலையை ஒப்படைக்கலாகாது.

எரிபொருள்: போகவர 640, உள்ளே 130, மொத்தம் 770 கி.மீ. ஹைலக்ஸ் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடித்தால் 92 லிட்டர். ஒரு டேங்க் போதாது. ரெஹோபோத்தில் நிரப்புங்கள், செஸ்ரீமுக்கு முன் வரும் சொலிட்டேர் என்ற சிற்றூரில் மறுபடி நிரப்புங்கள். செஸ்ரீமிலும் பங்க் உண்டு, ஆனால் அதை ஒன்றையே நம்பி முள் கீழே இறங்கும்வரை விடாதீர்கள். கார்டு இயந்திரம் வேலை செய்யாத நாளுக்காகக் கையில் ரொக்கம் வேண்டும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், ராண்டையே கொடுக்கலாம். சொலிட்டேரில் டயர் பஞ்சர் பார்ப்பார்கள், ஆப்பிள் பை பிரபலம், கழிப்பறையும் உண்டு. பெற்றோருக்கு நல்ல இடைநிறுத்தம். அங்கிருந்து செஸ்ரீம் சி19-இல் 83 கி.மீ. இடையிடையே போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குகிறீர்கள் என்பதும் போக்குவரத்துக் கேள்விதான். செஸ்ரீமில் வெளி வாசல் சூரிய உதயத்தில்தான் திறக்கும். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் செஸ்ரீம் முகாம், சோசஸ் டியூன் லாட்ஜ் போன்றவற்றில் தங்குபவர்களுக்கு உள் வாசல் ஒரு மணி நேரம் முன்பே திறக்கிறது, மாலையிலும் ஒரு மணி நேரம் கூடுதல். உள்ளே 60 கி.மீ. ஓட்ட ஏறக்குறைய ஒரு மணி ஆகும். அதாவது வெளியே தங்கினால் மணல்மேட்டின் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் கருத்திருக்கும் அந்த ஒளியில் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிப்பீர்கள். காரில் போவதன் முழுப் பலன் உள்ளே தங்கும்போதுதான் கிடைக்கும். அந்த அறைகள் பல மாதம் முன்பே நிறைந்துவிடும். அறையை உறுதிசெய்துவிட்டு வண்டியை முன்பதிவு செய்யுங்கள்.

ஷட்டில் இறக்கிவிடும் இடத்திலிருந்து, பட்ட மரங்கள் நிற்கும் வறண்ட களிமண் படுகையான டெட்ஃப்ளேக்கு மணலில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. ஜூலைக் காலையில் உங்கள் பெற்றோர் நிதானமாக நடந்துவிடலாம், கடுங்குளிருக்குக் கம்பளி வேண்டும். மணலில் நீங்களே ஓட்ட ஆசைப்பட்டால் காற்றை 16 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, 4எச் போட்டு, ஏற்கெனவே இருக்கும் தடத்தில் ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. சிக்கினால் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள், ஒவ்வொரு சுழற்சியும் வண்டியைப் புதைக்கும். இறங்கி மணலைத் தள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். தாருக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்புங்கள். முதன்முறை வருபவருக்கு, கூடவே பெற்றோர் இருக்கையில், ஷட்டில்தான் என் தேர்வு.

டூர் எப்போது சரி? உங்களில் ஒருவர்தான் ஓட்டுவார் என்றாலோ, சரளை நினைப்பே பயமாக இருந்தாலோ. விண்ட்ஹோக்கிலிருந்து மூன்று நாள் டூர்கள் நிறைய உண்டு. கேட்க வேண்டியவை: தங்குவது கூடாரமா அறையா, உள் வாசலுக்குள்ளா வெளியிலா, பூங்காக் கட்டணம் சேர்ந்ததா, வண்டி வேனா உயரமான டிரக்கா. மலிவான டூர்கள் பெரும்பாலும் கூடாரம்தான். ஜூலை இரவில் வெப்பம் உறைநிலையை நெருங்கும் பாலையில், தரையில் படுத்து எழுவது 65 வயதுக்கு உகந்ததல்ல.

சிறுவிமானம் நகருக்குள்ளேயே இருக்கும் ஈரோஸ் நிலையத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடும். முதுகுவலியோ முழங்கால் வலியோ உள்ள பெற்றோருக்கு இதைவிட இதமான வழி இல்லை. விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. உடல் எடையைக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள், விமானத்தின் சமநிலைக்கு அது தேவை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது, மென்மையான பை மட்டுமே, எடை வரம்பும் உண்டு. பகலில் மட்டும் பறக்கும், வெயில் ஏற ஏறக் குலுக்கல் அதிகமாகும், காலைப் பயணத்தைக் கேளுங்கள். இறங்கியபின் உங்களிடம் வண்டி இருக்காது என்பதால், கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் லாட்ஜாகப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் நாளே ஊர் திரும்பும் விமானம் பிடிப்பதாக இருந்தால் அந்தத் திட்டத்தை மாற்றுங்கள். காலை ஏழரைக்குச் செஸ்ரீமை விட்டாலும் விமான நிலையம் சேர மதியம் இரண்டு, இரண்டரை ஆகிவிடும், ஒரு பஞ்சர் ஆனால் மூன்றைத் தாண்டும். அன்றிரவு விண்ட்ஹோக்கில் தங்கி மறுநாள் பறப்பதாக டிக்கெட் எடுங்கள்.