பத்திரிகை உறை செல்லாது

கேள்வி: பிரிட்டனிலும் ஓட்டுப் போட போட்டோ அடையாள அட்டை கட்டாயமாக்கிவிட்டார்களாமே? தகுதியுள்ள வாக்காளர்களுக்கு இது வீண் சுமை இல்லையா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: போரிஸ் ஜான்சனைக் கேட்டால் சொல்வார். 2022-ல் அந்தச் சட்டம் வந்தபோது பிரதமர் அவர்தான். 2024 மே மாதம் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடப் போனார். கையில் அட்டை இல்லை. இருந்தது ஒரு பத்திரிகையின் தபால் உறை. அதில் அவர் பேரும் விலாசமும் அச்சாகியிருந்தன. அதை நீட்டினார். ‘ஆள் யாரென்று தெரிகிறது ஐயா, அட்டை எங்கே?’ என்கிற தோரணையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் லைசென்ஸை எடுத்து வந்து போட்டார். இதே மனிதர் 2004-ல், தன்னிடம் யாராவது அடையாள அட்டை கேட்டால் அதைத் தின்றே விடுவேன் என்று எழுதியவர். இருபது வருஷத்தில் பசி போய்விட்டது போலிருக்கிறது.

எனக்கு அந்த உறையின் மேல்தான் கண். ஒரு முன்னாள் பிரதமர், ‘நான்தான் நான்’ என்று நிரூபிக்க ஒரு பத்திரிகையின் சந்தாதாரர் என்பதைக் காட்டியிருக்கிறார்! பத்திரிகைத் தொழிலுக்கு இப்படியொரு கௌரவம் யார் கொடுத்தார்கள்? ஆனால் நம் இதழின் உறையை மட்டும் தேர்தல் கமிஷன் ஒப்புக்கொள்ளக் கூடாது. கள்ள ஓட்டு பெருகிவிடும். நம் சந்தாதாரர்களில் பாதிப் பேருடைய இதழ் பக்கத்துத் தெருக்காரர் வீட்டில்தான் கிடக்கிறது. கேட்டால் ‘தபால்காரர் சரியில்லை’ என்பார்கள். பின்கோடு எழுதாதது யார் குற்றம்? 1972-ல் வந்த ஆறே ஆறு எண்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! சந்தா படிவத்தில் ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்’ என்று மட்டும் எழுதி அனுப்பிய ஒருவர், இதழ் வரவில்லை என்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நோட்டீஸில் பின்கோடு இருந்தது.

சரி, சுமை. அட்டை கனக்காது, எந்த அட்டை செல்லும் என்று முடிவு செய்கிறவர் கைதான் கனம். பிரிட்டனில் முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், மாணவர்களின் பயண அட்டை செல்லாது என்று பட்டியல் போட்டார்கள். கிழவர் ஓட்டு எந்தப் பக்கம், மாணவர் ஓட்டு எந்தப் பக்கம் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன? அட்டை இல்லாதவர்களுக்கு இலவசச் சான்றிதழ் உண்டுதான். அப்படியும் 2024 பொதுத்தேர்தலில் சுமார் 16,000 பேர் அட்டை இல்லாமல் பூத்திலிருந்து திரும்பினவர்கள், மறுபடி வரவில்லை. மொத்தத்தில் இது தூசு என்பார்கள். ஆனால் 2019-ல் அந்த நாட்டில் அடுத்தவர் ஓட்டைப் போட்டதற்காகத் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு ஆள். எது தூசு?

நம் ஊர் கதை வேறு. கள்ள ஓட்டு இங்கே கற்பனையில்லை. 1993-ல் அன்றைய தலைமைத் தேர்தல் கமிஷனர் சேஷன், வாக்காளர் அட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது திட்டாத கட்சி இல்லை. நான் அன்றும் அவர் பக்கம்தான். வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பாங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று வேறு பல ஆவணங்களையும் கமிஷன் ஏற்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ரேஷன் கார்டைத் தேடிப் பாருங்கள். கிடையாது. பொங்கல் பரிசிலிருந்து எதற்கெடுத்தாலும் தமிழ்நாட்டில் கேட்கப்படுகிற அட்டை, ஓட்டுக்கு மட்டும் ஆகாது. எம்.எல்.ஏ.வின் அடையாள அட்டை செல்லும். ரேஷன் கார்டை மட்டும் வைத்திருக்கும் பாட்டிகள் எத்தனை பேர், எம்.எல்.ஏ. அட்டையை மட்டும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இதைவிடக் கொடுமை, எல்லா அட்டையும் கையில் இருந்து, வாக்காளர் பட்டியலில் பேர் இல்லாமல் போவது. பேர் இல்லாதவருக்கு பாஸ்போர்ட்டும் ஒன்றுதான், பத்திரிகை உறையும் ஒன்றுதான். அதனால் தேர்தல் அன்று பர்ஸைத் தடவுவதை விட்டு, ஒரு மாதம் முன்பே பட்டியலைப் பாருங்கள்.

காரைக்குடிக்காரரே, உங்கள் தபால் அட்டையிலும் பின்கோடு இல்லை. 630001 என்று நானே எழுதிக்கொண்டேன்.