மூன்று பொருள், ஒரு கேள்வி: டிஓகே (Theory of Knowledge, அறிவுக் கோட்பாடு) கண்காட்சி கேள்வி பதில்

கேள்வி: ஐபி டிப்ளமோ (பள்ளி இறுதிக்கான சர்வதேசப் படிப்பு) முதல் வருடம். டிஓகே கண்காட்சிக்கு மூன்று பொருளைக் காட்டி, அவற்றை ப்ராம்ப்ட்டோடு (அறிவைப் பற்றி ஐபி கொடுக்கும் கேள்வி) இணைத்து எழுத வேண்டுமாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ப்ராம்ப்ட் என்று மூன்று எடுக்கலாமா?

கூடாது. கொடுத்திருக்கும் 35 ப்ராம்ப்ட்டில் ஒன்றுதான். மூன்று பொருளும் அதற்கே பதில் சொல்ல வேண்டும். ப்ராம்ப்ட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள்.

கேள்வி: அறிவின் எந்தத் தன்மைகள் அதன் நம்பகத்தன்மையைப் பாதிக்கின்றன என்ற ப்ராம்ப்ட்டுக்கு இன்ச் டேப் வைக்கலாமா? இணையத்தில் நல்ல படம் கிடைத்தது.

டேப் அருமையான தேர்வு, அந்தப் படம்தான் வேண்டாம். அது யாருடைய டேப்? என் மாணவி ஒருத்தி தன் அம்மாவின் தையல் டேப்பைக் கொண்டுவந்தாள். முனைத் தகரம் கழன்று, முதல் சென்டிமீட்டர் நைந்து போயிருந்தது. அம்மா 10-இலிருந்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழித்துவிடுவாராம். டேப்பில் அச்சாகியிருப்பது ஓர் அறிவு. அதை எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு. விஷயம் தெரியாத ஒருவர் அதே டேப்பை எடுத்தால் துணி வீணாகும்.

கேள்வி: ஏற்கமாட்டேன். அம்மா கதை வெறும் உணர்ச்சி. எந்த டேப்புக்கும் இதே வாதம் பொருந்துமே?

பொருந்தாது. புது டேப்பில் கழிக்க எதுவும் இல்லையே! வாதம் பிறப்பதே அந்த நைந்த முனையில்தான். ஆனால் உங்கள் மறுப்பிலும் நியாயம் உண்டு. அம்மாவின் உழைப்பைப் பற்றியே இரண்டு பத்தி எழுதினால் மதிப்பெண் வராது. பின்னணிக்கு இரண்டு வரி போதும், மீதி ப்ராம்ப்ட்டுக்கு.

கேள்வி: அப்படியானால் மெர்கேட்டர் உலக வரைபடம்? அது எல்லோருக்கும் பொதுதானே?

உங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கும் பிரதி என்றால் சரி. 1569-இல் மாலுமிகளுக்காக வந்த முறை அது. மாறாத திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும். ஆனால் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. கடலில் வழிகாட்டிய படம் வகுப்பறையில் ஏன் தப்பான எண்ணம் தருகிறது? அதைத்தான் எழுத வேண்டும்.

கேள்வி: எத்தனை சொற்கள்?

அதிகபட்சம் 950. மேற்கோள் பட்டியல் இதில் சேராது.

கேள்வி: கண்காட்சிக்காகவே ஓர் ஓவியம் வரையலாமா?

கூடாது. முன்பே வரைந்தது இருந்தால் வையுங்கள்.

கேள்வி: நண்பனும் நானும் ஒரே பொருளை எடுக்கலாமா?

ஒரே வகுப்பு என்றால் கூடாது. ப்ராம்ப்ட் ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி: இணையத்தில் எடுத்த கடிகாரப் படம்...

டேப் பதிலைப் படியுங்கள். இணையத்தில் எடுத்த பொதுப்படம் வேண்டாம், வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் கைக்கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். இது தேறுமா?

தேறும். பழுதா, அவரே வேண்டுமென்று அப்படி வைத்தாரா? முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் ப்ராம்ப்ட் பார்ப்போம்.