வீட்டுப் பழுது கேள்வி பதில்: வழி தவறும் ஏர்கான் தண்ணீர்

கேள்வி: ஐயா, எங்கள் நான்கறை வீட்டில் மூன்று படுக்கையறைகளிலும் ஏர்கான் இருக்கிறது, மூன்றுக்கும் வெளிக்கருவி ஒன்றுதான். பெரிய படுக்கையறையில் உள்ளதிலிருந்து இரண்டு வாரங்களாக இரவில் தண்ணீர் சொட்டுகிறது. அதன் கீழே இருந்த சாமி அலமாரியை நகர்த்திவிட்டு வாளி வைத்திருக்கிறோம். பார்க்க வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல், "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும்" என்றார். அறை நன்றாகத்தான் குளிர்கிறது. கேஸ் ஏற்றலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஏற்ற வேண்டாம். அறை நன்றாகக் குளிர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே குளிர்விக்கும் வாயுவான கேஸ் குறையவில்லை என்பதற்குப் பாதிச் சாட்சி. மீதிச் சாட்சி உங்கள் குளியலறையில் இருக்கிறது.

சுவரில் தொங்கும் கருவிக்குள் குளிர்ந்த செம்புக் குழாய்களும் அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளும் உள்ளன. அறைக் காற்று அவற்றினூடே செல்லும்போது, ஐஸ் போட்ட மைலோக் குவளையின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்வதைப் போலத் தகடுகளின்மேல் நீர் படிகிறது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விடியலுக்கு முந்திய வேளையில் 90 விழுக்காட்டையும் தாண்டிவிடும். ஆகவே, பகலெல்லாம் சன்னல் திறந்திருந்த அறையைக் குளிர்விக்கத் தொடங்கும்போது, 9,000 பிடியூ குளிரூட்டும் திறன் கொண்ட சிறிய கருவிகூட மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்துவிடும். அந்த நீர் தகடுகளுக்கு அடியிலுள்ள குறுகிய தட்டில் விழுந்து, அங்கிருந்து ஒரு வடிகுழாய் வழியாக, எந்த மோட்டாரின் உதவியுமின்றி வெறும் சரிவை நம்பியே, பெரும்பாலும் குளியலறையின் தரை வடிகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். அது எந்த இடத்தில் வழி தவறுகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். செலவு அதற்குப் பிறகுதான்.

இன்றிரவு அந்த ஓர் அறையின் ஏர்கானை மட்டும் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் குளியலறைக்குச் சென்று, தரையோரமாக நீட்டிக்கொண்டிருக்கும் வடிகுழாயின் முனையைப் பாருங்கள். மூன்று அறைகளின் வடிகுழாய்களும் வழியில் ஒன்றாக இணைந்திருக்கக்கூடும் என்பதால் மற்ற இரண்டையும் நிறுத்திவைப்பது முக்கியம். இல்லாவிட்டால் அடுத்த அறைத் தண்ணீரைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். அறையில் சொட்டுகிறது, குழாய் முனையோ காய்ந்து கிடக்கிறது என்றால் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. குழாயிலும் நீர் சீராக வருகிறது, அறையிலும் சொட்டுகிறது என்றால் தட்டில் விரிசல் விழுந்திருக்கலாம். கருவி வடிகுழாய்க்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். அல்லது உள்ளே சுழலும் உருளை வடிவக் காற்றாடியில் அழுக்கு அப்பி, அது நீர்த்துளிகளை வாரி முன்பக்கமாக இறைத்துக்கொண்டிருக்கலாம்.

நான் இத்தொழிலில் இருந்த ஆண்டுகளில், "தண்ணீர் சொட்டுகிறது" என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை அடைப்பிலேயே போய் முடிந்தன. அந்த அடைப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஊறிய சப்ஜா விதையைப் போல வழவழப்பாக, சாம்பல் நிறத்தில், சில சமயம் ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே கழன்று வரும். காற்றிலுள்ள தூசியும் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களும் ஈரத்தில் சேர, அவற்றைத் தின்று நுண்ணுயிர்களும் பூஞ்சையும் வளர்ந்ததன் விளைவு அது. சாமி அலமாரி பக்கத்திலேயே இருந்தது என்கிறீர்கள். ஊதுவத்திப் புகையின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஈரம் உறிஞ்சும் வகை வேக்குவம் உங்களிடம் இருந்தால், மின்பெட்டியில் ஏர்கானின் விசையை அணைத்துவிட்டு, குளியலறைக் குழாய் முனையில் வேக்குவத்தின் வாயைப் பொருத்தி, இடைவெளியை ஈரத்துணியால் இறுகச் சுற்றி, இரண்டு மூன்று நிமிடங்கள் உறிஞ்சவிடுங்கள். குழாய்கள் இணைந்திருந்தால் உறிஞ்சும் விசை அடைப்பில்லாத அறைகளின் பக்கம் போய்விடும்; அப்போது ஆளைக் கூப்பிடுவதே நல்லது. எக்காரணம் கொண்டும் முனையிலிருந்து காற்றை உள்ளே ஊதாதீர்கள். வழவழப்பு முழுவதும் மேலேறித் தட்டுக்கே திரும்பிவிடும். குழாய்களை மூடியிருக்கும் சுவரோர உறைக்குள் உள்ள மூட்டு கழன்றுகொள்ளவும் கூடும், அந்தச் செலவு வேறு கணக்கு. குளோரின் கலந்த வெளுப்பானைத் தட்டில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அது அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். யார் வந்து செய்தாலும், வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றச் சொல்லி, அது வந்து விழுவதைக் குளியலறையில் நின்று நீங்களே பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கேஸ் குறைந்தாலும் தண்ணீர் சொட்டும் என்பது பொய்யன்று. ஆனால் அதன் போக்கு வேறு. கேஸ் குறைந்தால் உள்ளே அழுத்தம் இறங்கி, தகடுகளின் ஒரு பகுதி பூச்சியம் டிகிரிக்கும் கீழே போய், அங்கே பனி உறையத் தொடங்கும். அறை சரியாகக் குளிராது. ஏர்கானை நிறுத்திய பிறகு பனி மொத்தமாக உருகி, தட்டு கொள்ளாமல் வழியும். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் தகடுகளின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளையாகப் பனி தெரிவது பெரும்பாலும் கேஸ் குறைவின் அடையாளம். தகடுகள் முழுவதும் ஒரே சீராக உறைந்திருந்தால், வடிகட்டியில் தூசி அடைத்துக் காற்று உள்ளே போகவில்லை என்று கொள்ளலாம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய் நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் இந்த இரண்டாவது தொல்லை வராது. பனியைக் கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் தானே உருகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார் பெட்ரோலைப் போல ஏர்கான் கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஆறு மாதத்துக்கொரு முறை கேஸ் ஏற்றிக்கொண்டே இருப்பவர்களிடம் எனக்கு மரியாதையில்லை. ஏற்றத்தான் வேண்டும் என்றால், வெளிக்கருவியில் ஒட்டியுள்ள தாளில் கேஸின் பெயரைப் பாருங்கள். புவி வெப்பமாதல் திறன் (கரியமில வாயுவோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) 750க்கு மேற்பட்ட கேஸ் கொண்ட வீட்டு ஏர்கான்களை விற்பனைக்குத் தருவது இங்கே 2022 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32தான் இருக்கும். பழையவற்றில் ஆர்410ஏ இருக்கலாம். ஒன்றில் மற்றதை ஏற்றக் கூடாது. ஆர்32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், விவரம் தெரிந்தவர் கையில்தான் அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: அரசு புதிதாகக் கட்டித் தந்த பிடிஓ வீட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. கருவியிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. ஆனால் வரவேற்பறைக் கூரையோரமாகச் செல்லும் வெள்ளை பிளாஸ்டிக் உறையின் அடியில், மழை பெய்யும் மாலைகளில், வரிசையாகத் துளிகள் தொங்குகின்றன. இரண்டு முறை சர்வீஸ் செய்தும் பயனில்லை.
– வாசகர், பொங்கோல்

பதில்: கருவியை எத்தனை முறை கழுவினாலும் இது நிற்காது, ஏனெனில் குறை கருவியில் இல்லை. நீங்கள் சொல்லும் டிரங்கிங் என்ற அந்த உறைக்குள் இரண்டு செம்புக் குழாய்களும் வடிகுழாயும் மின்கம்பியும் ஓடுகின்றன. பல அறைகளுக்கு ஒரே வெளிக்கருவி உள்ள ஏற்பாட்டில் இரண்டு செம்புக் குழாய்களுமே குளிர்ந்திருக்கும். வடிகுழாயில் வரும் நீரும் குளிர்ந்ததுதான். மழைநேரத்து ஈரக் காற்றில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். எனவே மூன்று குழாய்களுக்கும் தனித்தனியாகக் கறுப்பு நுரைப் போர்வை சுற்றியிருக்க வேண்டும். அந்தப் போர்வை அரை அங்குலத் தடிமனில் இருப்பது நம் காற்றுக்கு ஏற்றது. செலவைக் குறைப்பதற்காக அதில் முக்கால் பங்குத் தடிமனில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஒட்டாமல் விட்ட விரலளவு இடைவெளி போதும், அங்கே செம்பு வெளியே தெரிந்து, இரவெல்லாம் வியர்த்து வடியும். உறைக்குள் எல்லாவற்றையும் நெருக்கித் திணித்ததில் போர்வை நசுங்கிப்போயிருக்கவும் கூடும்.

உறையின் மூடி வெறும் அழுத்தத்தில் பொருந்தியிருப்பதுதான். துளி தொங்கும் இடத்துக்குச் சற்று மேலேயுள்ள சரிவுப் பக்கமாக ஒரு மீட்டர் அளவுக்கு அதைக் கழற்றி, கையால் தடவிப் பாருங்கள். நீர் தொடங்கும் இடம் துளி விழும் இடமாக இருக்க வேண்டியதில்லை. அது உறைக்குள் வெகுதூரம் ஊர்ந்து வந்திருக்கலாம். வடிகுழாயின் உள்ளிருந்து கசிந்தால் மூட்டைச் சரிசெய்ய வேண்டும். போர்வையின் வெளிப்புறம் சில்லென்று ஈரமாக இருந்தால் அந்தப் பகுதியின் போர்வையை மாற்ற வேண்டும். ஓராண்டுதான் ஆகிறது என்பதால், பொருத்தித் தந்த நிறுவனத்தின் உத்தரவாதத் தாளைத் தேடியெடுங்கள். பலர் கருவிக்கான உத்தரவாதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பொருத்தும் வேலைக்குக் கொடுத்த உத்தரவாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது தாள்.

கேள்வி: வாடகை அறையில் இருக்கிறேன். ஏர்கான் ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. பழுதுக்கும் மெத்தைக்கும் நானே பணம் தர வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அண்ணே, என்ன செய்வது?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி, முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏர்கானைச் சர்வீஸ் செய்வது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு என்பது இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்து, நீங்கள் செய்த ரசீதுகளும் கையில் இருந்தால், உங்கள் பக்கம் வலுவானது. ரசீதே இல்லையென்றால் நான் உங்களுக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல முடியும். வந்து பார்ப்பவரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். தூசி அடைப்பு என்பது வேறு, பழைய தட்டு வெடித்தது என்பது வேறு. இரண்டாவதை உங்கள் தலையில் கட்டுவது நியாயமன்று. பேசித் தீராவிட்டால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் தொடர்பான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி. மெத்தையைத் தூக்கி எறிவதற்கு முன் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வடிகுழாய் நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: தாராளமாக ஊற்றலாம், வீடு துடைக்கவும் பயன்படுத்தலாம். அதில் உப்பு அநேகமாக இல்லை. ஆனால் தட்டின் தூசியும் கிருமியும் கலந்தது என்பதால் குடிக்கவோ சமைக்கவோ உதவாது. இரசாயனக் கழுவல் செய்த பிறகு சில நாள்களுக்கு அந்த நீரைச் செடிக்கு விடாதீர்கள். வாளியை அன்றன்றே காலி செய்து கவிழ்த்துவையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு அகலத்துக்குத் தேங்கிய நீரே போதும், முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஈசூன் வாசகிக்கும் இதைச் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த வாளி இரண்டு வாரமாக அங்கேயே இருக்கிறது.