பிடில்ஹெட் பறிக்கப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள பிரெடரிக்டனுக்குப் படிக்க வந்து இதுதான் முதல் வசந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமைச் சந்தையில், தொட்ட மரவட்டை மாதிரிச் சுருண்ட, பிடில்ஹெட் என்ற பச்சைக் குருத்துகளைக் கூடைகூடையாகக் கண்டிருக்கிறீர்கள். வகுப்புப் பிள்ளைகள் அதைப் பறிக்க வாற கிழமை ஆற்றங்கரைக்குப் போகிறார்களாம். கூடப் போகலாமா, கீரை மாதிரி வறை வறுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

போகலாம், பறிக்கலாம், வறையும் நன்றாக வரும். ஆனால் கீரை என்ற நினைப்போடு அடுப்பில் வைத்தால் அன்றிரவு கழிவறையிலேயே விடியும். கீரையை நாங்கள் கனநேரம் அவிக்கமாட்டோம், சத்துப் போகும் என்போம். அவித்த தண்ணீரையும் வீணாக்க மனம் வராது. இந்த இரண்டு நல்ல பழக்கமும் இங்கே பிழை.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படித்தோமே (தமிழ்நாட்டுக்காரருக்குப் பெரணி), அந்த இனத்தின் விரியாத இலைதான் இது. எல்லாப் பன்னமும் இப்படித்தான் சுருண்டு முளைக்கும். எல்லாம் சாப்பாடு இல்லை. இங்கே சாப்பிடுவது ஆஸ்ட்ரிச் பெர்ன் என்ற ஒன்றை மட்டும். ஆறு பெருகி வடிந்த வண்டல் நிலத்திலும் ஆற்றுத் தீவுகளிலும் மேப்பிள் மரங்களின் கீழே கூட்டமாக நிற்கும். நியூ பிரன்ஸ்விக்கில் மே தொடக்கத்திலிருந்து பறிக்கலாம். வடக்கே போகப்போகப் பிந்தும். வெயில் இரண்டு நாள் சுள்ளென்று அடித்தால் சுருள் விரிந்துவிடும், பிறகு அதைத் தொட வேண்டாம்.

அடையாளத்தில் முக்கியமானது தண்டின் உட்பக்கம், அதாவது சுருள் பார்க்கிற பக்கம். அங்கே மேலிருந்து கீழ்வரை ஆழமான பள்ளம் ஓடும். வாழையிலைக் காம்பின் உட்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம், சிறிய அளவு. பெருவிரல் நகத்தை வைத்து இழுத்தால் வாய்க்காலில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். தண்டு மொழுமொழுவென்று பச்சையாக இருக்கும், மயிர் இருக்காது. சுருளின் மேல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய மண்ணிறச் செதில் ஒட்டியிருக்கும், ஊதினாலே பறக்கும். ஒரு அடிக்கட்டையிலிருந்து பல குருத்துகள் வட்டமாக எழும்பும். போன வருடத்து வித்தி (விதைக்குப் பதிலான தூள்) தாங்கிய இலைகள், காய்ந்து கறுத்த இறகு மாதிரி, பக்கத்தில் விறைப்பாக நின்றால் இன்னும் நிச்சயம். இவற்றில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. பள்ளம், மொழுமொழுத் தண்டு, வெங்காயத்தோல் செதில் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

பஞ்சு சுற்றியதுபோல் வெள்ளையாகவோ மண்ணிறமாகவோ ரோமம் போர்த்தியிருந்தால் அது வேறு பன்னம், விட்டுவிடுங்கள். கூட்டமாக இல்லாமல் நிலத்திலிருந்து தனித்தனியாகக் கிளம்பி, நுனி பருந்துக் கால்போல மூன்றாகப் பிரிந்தால் அது பிராக்கன் என்ற பன்னம். அதில் டகிலோசைட் என்ற புற்றுநோய் தரக்கூடிய நச்சு உண்டு. ஜப்பானிலும் கொரியாவிலும் அதைச் சாம்பல் தண்ணீரிலோ சோடாவிலோ ஊறவைத்தும் அவித்தும் உண்கிறார்கள். அது அவர்கள் கைப்பழக்கம், நீங்கள் அதைப் பார்த்துச் செய்யப் போகாதீர்கள். மலேசியத் தமிழர் செய்யும் பூச்சுக் பாக்கு சமையலும் யூடியூபில் கிடக்கும். அது இன்னொரு செடி, அதற்குச் சொல்லும் நேரக்கணக்கு இதற்குப் பொருந்தாது.

பறிக்கும்போது சுருள் இறுக்கமாக, நிலத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் நிற்பதைப் பாருங்கள். சுருளோடு இரண்டு விரல் நீளத் தண்டு போதும். கையால் மடக்கினாலே முறியும். ஒரு கட்டையில் 7 குருத்து இருந்தால் 3 எடுக்கலாம், 4க்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் எடுக்க வேண்டாம். ஏனென்றால் அந்த வருடத்து இலை முழுவதும் இந்தக் குருத்துகள்தான். மொட்டையடித்தால் கட்டை தன் சேமிப்பைச் செலவழித்து இரண்டாம் முறை துளிர்க்கும், அடுத்த வருடம் மெலியும், பிறகு செத்துப்போகும். உங்களுக்கு முன் யாரோ முறித்த அடையாளம் தெரிந்தால் அந்தக் கட்டையைத் தாண்டிப் போங்கள்.

காணி யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். இங்குள்ளவர்கள் தங்கள் பிடில்ஹெட் இடத்தை நகை மாதிரி ஒளித்து வைப்பார்கள், கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் உங்களில் நம்பிக்கை என்று அர்த்தம். வேறு யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். வோலாஸ்தக் (செயின்ட் ஜான்) ஆற்றோரம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பறித்து உண்கிறார்கள், அவர்கள் நிலத்தில் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் செடி பறிப்பது குற்றம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, காற்சட்டைக் கால் காலுறைக்குள். உண்ணி கடித்து லைம் நோய் வரும் மாகாணம் இது, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கப் பாருங்கள். மே மாதத்து ஆற்றுத் தண்ணீர் பனிக்கட்டி உருகியது, தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் விறைத்துவிடும்.

இனிக் குசினி. எல்லாரும் பிழைவிடும் இடம் கழுவுதல். நேரே தண்ணீரில் போட்டால் செதில் நனைந்து சுருளுக்குள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். காய்ந்தபடியே முற்றத்தில் வைத்துப் புடைக்க வேண்டும். ஊரிலிருந்து சுளகு கொண்டு வந்திருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. இல்லையென்றால் காகிதப் பையில் போட்டுக் குலுக்கிக் காற்றில் கொட்டுங்கள். முக்கால்வாசி பறந்துவிடும். மிச்சத்தைப் பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளியும் வரை, மூன்று நான்கு முறை அலசுங்கள். கறுத்த அடிநுனியை வெட்டி எறியுங்கள்.

அரைக் கிலோவுக்கு 4 லீட்டர் தண்ணீர், உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குருத்தைப் போடுங்கள். போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 15 நிமிடம். ஆவியில் அவித்தால் 10 முதல் 12 நிமிடம். இது கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா சொல்லும் கணக்கு. தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி மாறும், அதை அப்படியே சிங்க்கில் ஊற்றுங்கள். ரசத்துக்கும் வேண்டாம், குழம்புக்கும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1994 மே மாதம் நியூயோர்க் மாநிலத்திலும் மேற்குக் கனடாவிலும் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ இதைச் சாப்பிட்டவர்கள் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். சட்டியில் சும்மா வதக்கிக் கொடுத்த உணவகத்தில் வந்த நோய், முதலில் அவித்துக் கொடுத்த இடங்களில் வரவில்லை. காரணமான நச்சு எதுவென்று பிடிபடவில்லை, ஆனால் நன்றாக அவித்தால் தொல்லை இல்லை என்பது தெரிந்தது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து 12 மணித்தியாலத்துக்குள் வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்றுப்பிடிப்பு, தலையிடி வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். வந்தால் மாகாணத்தின் சுகாதார ஆலோசனைத் தொலைபேசி 811க்கு எடுத்துக் கேளுங்கள். அதனால் பால்கறியில் கொதிக்கும்தானே, பிரட்டலில் வேகும்தானே என்று அவிப்பைத் தவிர்க்காதீர்கள். கறியில் கொதிக்கிற தண்ணீர் உங்கள் கோப்பைக்குள்தான் வருகிறது. மைக்ரோவேவையும் நம்பாதீர்கள்.

அவித்ததை வடிகட்டிக் குளிர்தண்ணீரில் ஒருமுறை நனைத்து, துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் வறை கூழாகும். 300 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, கொஞ்சம் பெருஞ்சீரகம், 3 செத்தல் மிளகாய், பாதிச் சிவப்பு வெங்காயம், 2 பல்லு உள்ளி, கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் குருத்தைக் கொட்டிப் பெரிய தீயில் 3 நிமிடம் பிரட்டுங்கள். பெரிய சுருளை மட்டும் இரண்டாக வெட்டலாம், சின்னதை முழுதாக விடுங்கள், அழகே அந்தச் சுருள்தான். உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சளோடு பிசைந்த 4 மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போட்டு ஒரு நிமிடம். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. அடுப்பிலிருக்கும்போது விட்டால் பச்சை நிறம் செத்துப்போகும். சுவை பயற்றங்காய்க்கும் கீரைத்தண்டுக்கும் நடுவில், கடைசியில் ஒரு சின்னக் கைப்பு. முதல் தடவை நாலைந்து சுருளோடு நிறுத்தி அடுத்த நாள் வரை பாருங்கள்.

பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். எண்ணெயில் ஊறுகாய் போட்டு அலுமாரியில் வைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். புளிப்புக் குறைந்த மரக்கறி எண்ணெய்க்குள் கிடந்தால் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு உண்டாகலாம். அதிகம் கிடைத்தால் 2 நிமிடம் அவித்து, தண்ணீரை ஊற்றி, குளிரவைத்து, ஈரம் துடைத்துப் பிரீசரில் போடுங்கள், ஒரு வருடம் நிற்கும். ஆனால் அந்த 2 நிமிடம் நிறத்துக்கும் பதத்துக்கும் மட்டும்தான். மார்கழியில் எடுத்துச் சமைக்கும்போதும் முழுதாக 15 நிமிடம் அவிக்க வேண்டும்.